கோணல் கொட்டாய்

மேட்டூரில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன என் வீட்டுக்காரருக்கு ஆடு வளர்க்க ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் ஆடு வாங்கும் முன்னால் கொட்டாய் அப்பழுக்கில்லாமல் அமைய வேண்டுமாம். ஆடு நிற்கும் பலகைப் பரண் எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், பலகைக்குப் பலகை எத்தனை விரல் இடைவெளி என்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. ஆசாரி வருவார், இவர் அதில் குற்றம் இதில் குற்றம் என்பார், ஆசாரி தலையில் அடித்துக்கொண்டு போவார். கொல்லையில் ஒரு கம்புகூட நட்டபாடில்லை.

ஆடு வராதது எனக்குப் பெரிய கவலையில்லை. மனுசன் தூக்கத்தை விட்டுவிட்டார், அதுதான் கவலை. விடிய விடியப் புரள்வார். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். "ஒண்ணுத்துக்கும் ஆகாதவனாப் போயிட்டேன்" என்று ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னார். டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை எழுதிய டாக்டர், "சின்னதா ஏதாவது ஒண்ணத் தொடங்குங்க சார், போதும்" என்றார். திரும்பும் பஸ்ஸில் இவர் சொல்கிறார், "தொடங்குனா உருப்படியாத் தொடங்கோணும்." வந்த ஆத்திரத்துக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுவாரம் இவரிடம் மூச்சுவிடாமல், தம்பியின் குட்டியானைச் சரக்கு வண்டியில் மேச்சேரிச் சந்தைக்குப் போனேன். இரண்டு பெட்டைச் செம்மறிகளைப் பிடித்துவந்து வாசல் தூணில் கட்டினேன்.

"கொட்டாயே போடல, அதுக்குள்ள ஆட்டப் புடிச்சாந்துட்டயா? கிறுக்கா உனக்கு?"

"ஆமாங்க, கிறுக்குதான். மழை வரப்போவுது. அதுங்க நனைஞ்சா நனையட்டும், நீங்க போனப் பாருங்க."

வாய்க்கு வந்தபடி திட்டினார். முதல் தூறல் விழுந்ததும் ஆடுகள் கத்த ஆரம்பித்தன. திட்டிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினார். பழைய தகரமும் மிச்சம் கிடந்த சவுக்குக் கம்புகளும் கொல்லையிலேயே இருந்தன. நான் பிடிக்க, அவர் அடிக்க, இருட்டுவதற்குள் ஒரு கொட்டாய் நின்றது. ஒரு பக்கம் நன்றாகவே இறங்கியிருந்தது. டேப்பை இழுத்து அளந்தார். திரும்ப அளந்தார்.

"கோணலா இருக்குது."

"ஆட்டுக்குத் தெரியாதுங்க."

சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். புது இடம், ஆடு மிரளும் என்று தகரத்தின் அடியிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்தார்.

காலையில் பால்காரர் வந்துபோனார், வெயிலும் வாசலுக்கு வந்துவிட்டது. காபிக்கு இவரைக் காணோம். எனக்குப் பக்கென்றது. ஓடினேன். மனுசன் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கட்டில் காலடியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுது தீர்த்தேன். அவர் தோளிலிருந்த புதுத் துண்டை ஒரு ஆடு மென்றுகொண்டிருந்தது. தின்னட்டும் என்று விட்டுவிட்டேன். பிடுங்கினால் எழுந்துவிடுவார்.