மேசைக்கு அடியில் குங்குமம்

சிவசோதி அக்காவைப் பற்றி மெல்பேர்ண் டண்டினோங்கில் இன்றைக்கும் ஒரு கதை உலாவுகிறது. அவர்தான் சீனாவுக்குப் போய் எங்கள் வேலையைப் பழக்கிக் கொடுத்துவிட்டு வந்தாராம், அவரால்தான் பாக்டரி மூடப்பட்டதாம். பிறந்தநாள் வீடுகளில் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு சொல்லுகிறார்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர்கள் எல்லாம் சொல்லுகிறார்கள். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவருக்குப் பக்கத்து மெஷினில் இருந்து தைத்தவள் நான். நடந்ததைச் சொல்லுகிறேன், யாரைத் திட்டுவது என்று பிறகு முடிவு செய்யுங்கள்.

நாங்கள் கார்களுக்குச் சீற் கவர் தைத்தோம். அந்தத் தெருவில் எல்லாமே காரை நம்பித்தான் இருந்தன. ஒரு கட்டடத்தில் கண்ணாடி, அடுத்ததில் ஸ்பிரிங், அதற்கும் அடுத்ததில் பெயின்ற். எங்கள் லைனில் வியட்நாம்காரிகள், துருக்கிக்காரிகள், சமோவாக்காரிகள், பிறகு நாங்கள். தொண்ணூறுகளில் வவுனியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்த அக்கா, வந்த குளிர்காலமே அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கணவர் சிறி அண்ணை டாக்சி ஓடினார். மகள் மேனுகா கிளேட்டனில் யூனிவர்சிற்றிக்குப் போகும்வரை வளர்ந்தது அந்த மெஷினின் சம்பளத்தில்தான்.

அக்கா கட்டையான ஆள், குரல் மட்டும் பெரிது. டொய்லெட்டில் ஏன் இவ்வளவு நேரம் என்று ஒருமுறை சூப்பர்வைசர் கேட்டான். "அடுத்த முறை நீயும் வந்து பார்" என்று இங்கிலிஷில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அவரிடம்தான் எயார் பாக் தையல் இருந்தது. சீற்றின் பக்கவாட்டில் எயார் பாக் மடித்து வைத்திருக்கும். கார் மோதினால் அது ஊதிக்கொண்டு வெளியே வரவேண்டும். சீற்றில் மற்ற எந்தத் தையலும் பிரியக்கூடாது, அந்த ஒரு தையல் மட்டும் பிரியவேண்டும். அதற்கு வேறு நூல், வேறு இறுக்கம். கை தவறினால் யாரோ ஒருவருடைய உயிர் போகும். அக்கா அதைத் தைக்கும்போது நாங்கள் யாரும் அவருக்குப் பேச்சுக் கொடுப்பதில்லை.

ஒவ்வொரு வருடமும் ஆயுத பூசைக்கு அக்கா த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோவிலில் இருந்து சின்ன டப்பாவில் குங்குமம் கொண்டுவருவார். முதல் வருடம் மெஷினின் தலையிலேயே பொட்டு வைத்தார். சீற்றின் வெள்ளைத் தோலில் கறை படும் என்று சூப்பர்வைசர் குதித்தான். அடுத்த வருடத்திலிருந்து சாப்பாட்டு நேரத்தில் மேசைக்கு அடியில் முழங்கால் ஊன்றி இருந்து, பலகையின் அடிப்பக்கத்தில் சந்தனம் தடவிக் குங்குமம் வைப்பார். ஐயர் இல்லை, மணி இல்லை. கற்பூரம் கொளுத்தினால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். ஒரு வருடத்துப் பொட்டுக்குப் பக்கத்தில் அடுத்த வருடத்துப் பொட்டு என்று வரிசையாக வந்தது. மரம் அதைக் குடித்துக்கொண்டது. என்னுடைய மெஷினுக்கும் அவர்தான் வைப்பார். நான் காலை ஆட்டிக்கொண்டே இருப்பதால் என் பொட்டுகள் கோணலாக இருக்கும்.

2012 தை மாதம், கிறிஸ்மஸ் லீவு முடிந்து போனால் எங்கள் வரிசை மெஷின்களைக் காணவில்லை. "பழைய இரும்புக்குப் போட்டாச்சு, புது மொடலுக்குப் புது மெஷின் வருது" என்றார் பெரிய மனேஜர். அதுவரைக்கும் என்று பின்வரிசை மெஷின்களை இழுத்துத் தந்தார்கள். சொன்னதை நம்பினோம்.

மாசி கடைசியில் வெங்கட்ராமன் அக்கா வீட்டுக்கு வந்தார். புரொடக்ஷன் எஞ்சினியர், கோயம்புத்தூர்க்காரர். மனேஜ்மென்ற்றில் எங்களோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள். ஆயுத பூசைக்குத் தன் காரைக் கழுவி மாலை போடுகிறவர். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். குசினிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, இடியப்பமும் சொதியும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, சைனால ஒரு யூனிட் ஸ்டார்ட் பண்றோம். பின் சீட் மட்டும் அங்க, முன் சீட் எல்லாம் இங்கதான். நீங்க போய் ஒரு ரெண்டு மாசம் டிரெயின் பண்ணிட்டு வந்தா போதும்."

"எங்கட வேலைக்கு ஒண்டும் வராதோ தம்பி?"

"நீங்க போனாத்தான் நம்ம வேலை நிக்கும். அங்க குவாலிட்டி சரியா வரலேன்னா, கார் கம்பெனி மொத்த ஆர்டரையும் தூக்கிடுவான். சாமி சத்தியமா சொல்றேன்க்கா."

சொதி குடித்த வாயால் சொன்னார். சுவரில் பிள்ளையார் படம் வேறு. அக்கா என்னைப் பார்த்தார். "எங்கள் எல்லாற்ற வேலைக்காகத்தானே பிள்ளை, போட்டு வாறன்" என்றார். இந்த ஒரு வசனத்தைப் பிறந்தநாள் வீட்டு வாய்கள் ஒருநாளும் சொல்வதில்லை.

ஷாங்காயில் இறங்கி வான் வண்டியில் நெடுநேரம் போகவேண்டுமாம். ஊரின் பெயருக்கு அக்காவின் நாக்கு வளையவில்லை, 'கார்ப் பட்டணம்' என்றுதான் சொல்லுவார். சந்தியில் கொங்கிறீற்றில் பெரிய ஸ்டியரிங் சிலை. தெருக்களுக்குக்கூடக் கார் சம்பந்தமான பெயர்தான். முட்டைக்கோவா விளைந்த வயல்களை மூடி, வெள்ளைக்காரன் ஊர் மாதிரிச் சாய்ந்த கூரையோடு மாடி வீடுகள் கட்டி வைத்திருந்தார்களாம். அவற்றில் குடியிருக்க ஆள் இல்லை. பாக்டரிப் பெண்களோ பின்பக்கத்து விடுதியில் அடுக்குக் கட்டில்களில் நெருக்கிக்கொண்டு படுத்தார்கள். தேத்தண்ணிக் கடை தேடிப் போனால் டயர் கடை, அதையும் தாண்டினால் பற்றறிக் கடை. ஊர் முழுக்கக் காருக்காக எழும்பி, காருக்காகப் படுத்தது. காருக்குத் தைத்த ஒருத்தியிடமும் கார் இல்லை.

அக்காவிடம் பழக வந்தவர்களில் மெய் என்று ஒருத்தி. எங்கேயோ தூரத்து மாகாணத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள். எயார் பாக் தையலில் பாஸ் ஆனால்தான் அவளுக்கு நிரந்தர வேலை. அக்காவுக்குக் காரம் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்று கண்டுபிடித்து, தினமும் மிளகாய் எண்ணெய்ப் போத்தலோடு வருவாளாம். பாஷை இல்லை, மொழிபெயர்க்க ஒரு பெட்டை எப்போதாவது வருவாள். மற்ற நேரம் கையும் கண்ணும்தான்.

மெஷின்கள் பளபளவென்று பச்சைப் பெயின்ற்றோடு இருந்தன. புதுசு என்றுதான் அக்கா நினைத்தார். இந்த மெஷின்களில் துணியை அழுத்தும் பாதத்தை முழங்காலால் தூக்குவோம், அதற்கு மேசைக்கு அடியில் ஒரு கம்பி உண்டு. மெய்யின் முழங்கால் அந்தக் கம்பிக்கு எட்டவில்லை. அதை இறக்கி வைப்பதற்காக அக்கா மேசைக்கு அடியில் குனிந்தார்.

பலகையின் அடியில் வரிசையாகப் பொட்டுகள்.

மேலே எல்லாவற்றுக்கும் பெயின்ற் அடித்தவர்கள், நம்பர்த் தகட்டை மாற்றியவர்கள், மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்? அங்கே குனிகிறவர்கள் நாங்கள்தானே. அக்கா தவழ்ந்து அடுத்த மேசைக்குப் போனார். அங்கே கோணல் பொட்டுகள், என்னுடையவை. முழு வரிசையும் எங்களுடைய வரிசை. அக்கா அப்படியே தரையில் இருந்துவிட்டாராம். மயக்கம் என்று நினைத்து மெய் ஓடிப்போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள்.

பின் சீற் மட்டும் என்றால் முன் சீற் தைக்கிற எங்கள் மெஷின்களுக்கு அங்கே என்ன வேலை? பழைய இரும்பு என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்களே!

ஞாயிறு மத்தியானம் எனக்குப் போன் எடுத்தார். நான் சமைத்துக்கொண்டிருந்த அடுப்பை நிற்பாட்டினேன்.

"அக்கா, அந்தத் தையலைப் பிழையாப் பழக்கிப்போட்டு வாங்கோ. அவங்கட ஓர்டர் நாசமாப் போகட்டும்."

"உனக்கென்ன விசரோ கமலினி? அந்தச் சீற்றில ஒரு பிள்ளை இருந்து போகும். எயார் பாக் திறக்காட்டி அது செத்துப்போகும். ஏமாத்தினவன் மெல்பேர்ணில இருக்கிறான். மெய் எனக்கு என்ன செய்தவள்?"

அந்த நேரம் அவர் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் சரியாகத்தான் பழக்கினார். மெய் பாஸ் ஆனாள்.

திரும்பி வந்த கிழமையே கன்ரீனில் கூட்டம் வைத்தார்கள். பெரிய மனேஜருக்கு அக்கா 'சிவா'. சிவா அருமையாக வேலை செய்தார் என்று கைதட்டச் சொன்னார். அக்கா எழும்பி, "இரும்புக்குப் போன மெஷின்களை நான் அங்க கண்டனான். என்ர குங்குமம் அதில இருக்கு" என்றார். தமிழில் தொடங்கி இங்கிலிஷில் முடித்தார். ஒரே மாதிரியான மெஷின்கள் உலகம் முழுக்க உண்டு, சிவாவுக்குக் களைப்பு என்று மனேஜர் சிரித்தார். நான் வெங்கட்ராமனைப் பார்த்தேன். குங்குமம் என்றால் என்னவென்று அந்த அறையில் மனேஜ்மென்ற் பக்கம் தெரிந்த ஒரே ஆள் அவர். அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் அறிவித்தார்கள், கிறிஸ்மஸோடு பாக்டரி மூடுகிறது என்று. எங்கள் லைனில் இருந்த விஜயா, சிவசோதி அக்காவோடு கதைப்பதை நிற்பாட்டினாள். அக்காதான் சீனாவுக்குப் பழக்கிக் கொடுத்தார் என்ற கதை அங்கேதான் தொடங்கியது. பொய் சொன்னவன் மனேஜர், சத்தியம் பண்ணியவன் எஞ்சினியர், பழி மட்டும் முழங்காலில் இருந்து பழக்கிக் கொடுத்தவளுக்கு. நல்ல நியாயம்!

அந்த வருட ஆயுத பூசைக்கும் அக்கா டப்பாவோடு வந்தார். "இதுக்குப் பிறகும் என்ன பூசை?" என்று கத்தினேன். "மெஷின் என்ன பிழை செய்தது?" என்றார். அன்றைக்கு வியட்நாம்காரிகளும் சமோவாக்காரிகளும் தங்கள் மேசைக்கும் வைக்கச் சொன்னார்கள். விஜயா வரவில்லை.

மூடுவதற்கு முந்திய கிழமை ஒரு ஓர்டர் வந்தது. மிச்ச மெஷின்களையும் அனுப்புவதற்கு முன் துடைக்கவேண்டும், மேசைக்கு அடியிலும் பெயின்ற் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைக்கவேண்டும். பார்த்தீர்களா? கன்ரீனில் களைப்பு என்று சிரித்தவர்கள் அக்கா சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பியிருக்கிறார்கள்.

தின்னர்க் கானும் துணியுமாக வந்தவர் வெங்கட்ராமன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. மேலேருந்து சொல்லிட்டாங்க. நீங்களே துடைச்சிட்டா நல்லது."

"நான் கும்பிட்ட மெஷினை என்ர கையால துடைக்கமாட்டன். நீங்கள் துடையுங்கோ."

லைன் முழுக்க மெஷின்களை நிற்பாட்டினோம். விஜயாகூட எழும்பி நின்றாள். வெங்கட்ராமன் இஸ்திரி போட்ட கால்சட்டையோடு முழங்காலில் இருந்து, அக்காவின் மேசைக்கு அடியில் குனிந்தார். பொட்டைக் கண்டதும் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு துடைத்தார்.

துடைக்காமல் போயிருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன். கும்பிடாமல் துடைத்திருந்தால் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன் என்று விட்டிருப்பேன். கும்பிட்டுவிட்டுத் துடைத்த அந்தக் கையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் எழும்பும்வரைக்கும் அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கார்ப் பட்டணத்து யூனிட்டுக்கு அடுத்த வருடம் மனேஜராகப் போவது அவர்தான் என்று எங்களுக்கு அப்போது தெரியும்.

"தம்பி, அங்க போனதும் எங்கட மெஷினுகளையும் துடைக்கச் சொல்லுவினம். நான் மொழிபெயர்க்கிற பிள்ளையை வைச்சு அந்தப் பெட்டையளுக்கு எல்லாத்தையும் காட்டிச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். இது ஆரின்ர மெஷின், எப்பிடி இஞ்ச வந்தது எண்டு. பிள்ளையள், நாளைக்கு உங்களிட்ட இருந்தும் மெஷினைத் தூக்குவாங்கள், அடுத்த ஊர்க்காரி குனிஞ்சு பாத்தாலும் தெரியட்டும் எண்டு. என்ர பொட்டுக்குப் பக்கத்தில கத்தரிக்கோல் நுனியால தங்கட தங்கட பேரைப் பலகையில ஆழமாக் கீறிப் போட்டவையள்."

அக்கா தின்னர்க் கானை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கொண்டு போங்கோ. ஆனா அது துடைச்சுப் போகாது."