விளக்கறையின் காலி ஆணி

அம்மாவுக்குச் செம்புச் சுரங்கத்தின் விளக்கறையில் வேலை. உள்ளே இறங்குகிறவன் ஜன்னலில் விளக்கையும் எண் பொறித்த பித்தளை வில்லையையும் வாங்கிக்கொள்வான். ஏறி வந்ததும் அதே ஜன்னலில் திருப்பித் தருவான். அம்மா அவன் முகத்தைப் பார்த்து "வந்துட்டியா?" என்று கேட்ட பிறகுதான் வில்லையைப் பலகையில் அவனுடைய ஆணியில் மாட்டுவாள். இன்னொருவன் கையில் கொடுத்தனுப்பினால் வாங்க மாட்டாள். "வில்லை வந்தா ஆளு வந்தாச்சா? அவனை வரச்சொல்லு."

சுரங்கத்தை மூடிய அன்று ஓர் ஆணி காலி. பாறையில் துளை போடும் நெட்டையனுடையது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டில் அவன் மேலே வந்ததை யாரும் பார்க்கவில்லை. அவன் தங்கியிருந்த அறை பூட்டிக் கிடந்தது. சுரங்கத்துக்குள் ஒரு சுற்றுத் தேடினார்கள். வெளியூர் வேலைக்குப் போயிருப்பான் என்றது நிர்வாகம். பம்புகளை நிறுத்தினார்கள். தண்ணீர் ஏறியது.

அதன்பின் அம்மா நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டியதுபோல் அலைந்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தபடியே சாப்பிடுவாள்.

கைவிட்ட சுரங்கங்களில் நீர்மட்டம் அளப்பது என் வேலை. அந்தச் சுரங்கமும் என் பொறுப்பில்தான் இருந்தது. போன் செய்தால் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க மாட்டாள்.

"ஏண்டி, தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

"மேல் தளத்தைத் தொட்டிருச்சும்மா."

"அவன் வேலை செஞ்ச தளம்?"

"அது எப்பவோ முழுகியாச்சு."

போனை வைத்துவிடுவாள். அடுத்த முறையும் அதையே கேட்பாள்.

விளக்கறை அருங்காட்சியகமானது. அங்கே பெருக்கவும் பலகையைக் காட்டவும் அம்மாவையே வைத்தார்கள். காலி ஆணிக்கு அதிகாரி புதிதாக ஒரு வில்லை செய்து மாட்டினார். அம்மா கழற்றினாள். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினாள்.

"பலகை பொக்கை வாய் மாதிரி இருக்கேம்மா."

"இருக்கட்டும் தம்பி. உங்க அழகுக்காக ஆளை மேல ஏத்த முடியாது."

போன வாரம் மாரடைப்பு. நின்றபடியே விழுந்தாள்.

செய்தித்தாளில் அவள் இறந்த செய்தி படத்தோடு வந்தது. மறுநாள் ஒரு கிழவர் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார். "விளக்கம்மா வீடு இதுதானே?" சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்தார்.

"கடைசி நாள் பஸ்ஸுக்கு நேரமாச்சு. கூண்டுக்குக் காத்திருக்காம மலைப்பக்கம் பழைய சுரங்க வாசல் வழியா வெளியே வந்துட்டேன். ஞாபகத்துக்கு இருக்கட்டும்னு இதை வெச்சுக்கிட்டேன்."

"எங்கம்மா உங்களைத் தண்ணிக்குள்ள தேடிக்கிட்டிருந்தாங்க."

"என்னையா?" நெட்டையன் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு வில்லையை நீட்டினார். "நீயே கொண்டுபோய் மாட்டிடும்மா."

நான் வாங்கவில்லை. "நடங்க" என்றேன்.

விளக்கறையில், அம்மா போன கையோடு அதிகாரி தான் செய்த வில்லையை மாட்டியிருந்தார். அதைக் கழற்றி மேஜையில் வைத்தேன். ஜன்னலுக்கு உள்ளே போய் நின்றேன். வெளியிலிருந்து கை நீண்டது. முகத்தைப் பார்த்தேன்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேம்மா."

மாட்டினேன். பலகை நிறைந்தது. என் கைதான் சும்மா இருக்கவில்லை. மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுக்கொண்டே போனேன்.

"இன்னும் என்னம்மா தேடறே?" என்றார்.

அம்மா மாதிரி தரைக்கு மேலே வேலை பார்த்தவர்களுக்கு வில்லை கிடையாது. அது எனக்குத் தெரியும். அடுத்த வரிசைக்குப் போனேன்.