விடுபட்ட ஐந்தாவது பத்தி

எண்பதுகளின் பின்பாதியில் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. அன்று அந்தக் கூட்ட அறையில் இருந்தவர்களில் சிலர் இன்னும் அங்கேதான் நடமாடுகிறார்கள். எங்கள் வீடு சங்கரன்கோவிலில். ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாம்.

பத்து வருஷத்துக்கு மேல் தேர்தலே இல்லாமல் தனி அதிகாரியின் கையில் கிடந்த சபைக்கு அப்போதுதான் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. தலைவர் உட்பட எல்லோரும் புதியவர்கள். தீர்மானத்தை எப்படி முன்மொழிவது, ஆட்சேபணையை எப்போது சொல்வது என்பதையெல்லாம் எங்கள் ஹெட்கிளார்க்கிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்கள். அவருக்கு அந்த நாற்காலியிலேயே தலை நரைத்திருந்தது. அவர் மெதுவாகப் பேசுவார், யாரையும் அதட்டமாட்டார். என்னை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

அந்தச் சமயத்தில் மதுரைக்காரர் ஒருவர் பெரிய வீட்டுமனைத் திட்டத்தோடு வந்தார். வரைபடத்தை விரித்தபோது தலைவருடைய மேஜை போதவில்லை. இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டோம். நூற்றுக்கணக்கான மனைகள், பள்ளிக்கூடத்துக்கு ஓர் இடம், பச்சைப் பென்சிலால் தீட்டிய பூங்கா. சபை பார்த்துத் தீர்மானம் போட்டால்தான் திட்டம் மேலே போகும். ஆனால் அதற்கு முன்னமே சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடை பிடித்து மனைகளுக்குப் பதிவு நடந்துகொண்டிருந்தது. அரபு நாட்டில் வேலை பார்ப்பவர்களின் வீட்டார் கடையநல்லூரிலிருந்து வந்து பதிந்துவிட்டுப் போனார்கள். அந்தக் கடையில் உட்கார்ந்து பெயர் எழுதியது என் சொந்த அண்ணன். ரொம்ப நாள் வேலையில்லாமல் இருந்துவிட்டு அப்போதுதான் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தான்.

“லேஅவுட் பாஸ் ஆயிட்டுன்னா என்னையே மேனேஜரா போடுதேன்னு சொல்லியிருக்காவட்டி” என்று சாப்பிடும்போது சொன்னான். என் ஆபீசில் என்ன நடக்கிறது என்று அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காமலிருந்ததே எனக்கு உறுத்தியது.

ஆபீசிலும் எல்லாம் மாறிப்போனது. மற்ற ஃபைல்கள் ரேக்கில் கிடக்க, இந்த ஒரு ஃபைலை மட்டும் ஹெட்கிளார்க் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. ஒருநாள் ராஜபாளையத்திலிருந்து மாம்பழக் கூடைகள் வந்து இறங்கின. யார் அனுப்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். நானும் எடுத்தேன். ஓவர்சியர் மட்டும் தொடவில்லை. சிவகிரிப் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். பெரிதாக வாங்கியவருக்கு மாம்பழம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாளைக்கு முன்புதான் அவர் மதுரைக்காரரின் ஜீப்பிலிருந்து சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதைக் கண்ணால் பார்த்திருந்தேன்.

ஆனால் மனையிடத்தை அளந்து பார்த்து அவர் எழுதிக் கொடுத்த ஆய்வறிக்கையை டைப் அடித்தபோது குழம்பிப்போனேன். மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தில் ஐந்தாவது பத்தி இப்படி இருந்தது: மனைப்பிரிவின் குறுக்கே ஓடைப் புறம்போக்கு செல்கிறது, வரைபடத்தில் அது காட்டப்படவில்லை, மழைக்காலத்தில் ஊர்க்குளத்துக்கு அந்த வழியாகத்தான் தண்ணீர் வருகிறது, ஆகவே திட்டத்தைத் திருத்திய பிறகே பரிசீலிக்கலாம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வெளிவேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஹெட்கிளார்க் கூப்பிட்டார். “ரெண்டாம் பக்கத்துல அடித்தல் திருத்தல் நெறைய இருக்கும்மா. இதைப் பாத்துப் புதுசா அடிச்சுக் கொடுத்துரு. பழைய பக்கத்தையும் கார்பன் காப்பியையும் எங்கிட்ட கொடுத்துரு.”

அவர் நீட்டிய தாள் ஹெட்கிளார்க்கே கைப்பட எழுதியது. ஓடையைப் பற்றிய பத்தி அதில் இல்லை. கடைசியாக இருந்த ஆறாவது பத்தி ஐந்தாவதாகியிருந்தது.

“சார், ஓடையப் பத்தி ஒண்ணு இருந்துச்சே?”

“ஓவர்சியரே எடுக்கச் சொல்லிட்டாரும்மா. அளந்து பாத்ததுல அது பட்டா நெலமாம்.”

அடித்துக் கொடுத்தேன். அந்தத் தாளையும் அவர் மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஓவர்சியரை வளைத்துவிட்டார்கள் என்று தீர்மானித்துக்கொண்டேன். அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயத்தால் கேட்கவில்லையா, அண்ணனுடைய பிழைப்பை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேனா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

கூட்டத்தன்று நடவடிக்கைகளைக் குறிப்பெடுக்க நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். திட்டத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். தலைவர் “அப்போ ஏகமனதாத்தானே?” என்று கேட்கும்போது விசைத்தறி போட்டிருந்த உறுப்பினர் ஒருவர் கையைத் தூக்கினார். வழக்கமாகப் பேசாதவர்.

“அங்கன ஒரு ஓடை கெடக்குமே, தலைவரே. இந்தப் படத்துல அதக் காணலயே?”

தலைவர் ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் எழுந்து, “அதான் என் அறிக்கையிலேயே எழுதியிருக்கேனே. அஞ்சாவது பத்தியப் பாருங்க” என்றார்.

தாள்கள் புரண்டன. ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். பத்தியை எடுத்தது ஓவர்சியருக்கே தெரிந்திருக்கவில்லை! இத்தனை நாளும் தவறான ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

ஹெட்கிளார்க் அமைதியாக என் பக்கம் திரும்பினார். “டைப் அடிக்கும்போது விட்டுப்போயிருக்கும். சின்னப் பொண்ணு, பாவம்.”

“விட்டுப்போச்சா, விட்டுட்டாங்களா?” ஓவர்சியர் என்னை முறைத்தார். “இவங்க அண்ணன்தான் சங்கரன்கோவில்ல மனைக்கு ஆள் சேக்குதாரு. அது உங்க யாருக்காவது தெரியுமா?”

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. ‘அப்படியா சேதி’ என்று ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் எழுந்து நின்றேன்.

“எங்க அண்ணன் அங்க வேலை பாக்கது நெசந்தான். ஆனா நான் எதையும் விடல. விட்டுப்போயிருந்தா நாலுக்கு அடுத்து ஆறுன்னுல்லா இருக்கணும்? இதுல நம்பர் மாறியிருக்கு. எழுதிக் கொடுத்ததைப் பாத்துத்தான் ரெண்டாவது தடவை அடிச்சேன்.”

“யாரு எழுதிக் கொடுத்தா?” தலைவர் கேட்டார்.

“ஹெட்கிளார்க் சார்.”

ஹெட்கிளார்க் தலைவரைப் பார்த்தார். தலைவர் தண்ணீர்த் தம்ளரைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். ஓவர்சியர் தன் பையிலிருந்து அறிக்கையின் கைப்பிரதியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஐந்தாவது பத்தி அதில் இருந்தது.

ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். தறிக்காரர்தான், “காயிதத்த விடுங்கய்யா. நடந்துபோயி பாத்துட்டே வந்துருவோம். ரெண்டு எட்டுதானே?” என்றார்.

வெயிலில் எல்லோரும் நடந்தோம். என்னை யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் போனேன். மேற்கே வேலியோரம் வரைக்கும் ஓடை ஆள் இறங்கும் ஆழத்துக்கு வந்தது. கிழக்கே வேலிக்கு அந்தப் பக்கம் மறுபடியும் அதே ஓடை. நடுவில் மட்டும் புதுச் செம்மண். அதன்மேல் வெள்ளையடித்த மனைக்கற்கள் வரிசையாக நின்றன. லாரிச் சக்கரத் தடம்கூட இன்னும் அழியவில்லை.

“நான் அளக்க வந்தப்போ இது ஓடையாத்தான் கெடந்துச்சு” என்றார் ஓவர்சியர். திட்டத்தைத் திருப்பி அனுப்பச் சபை அன்றைக்கே தீர்மானம் போட்டது. முதலில் கை தூக்கியவர் தலைவர். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் ஹெட்கிளார்க் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசி நாள் என் மேஜைக்கு வந்தார். “யாரும் சொல்லாம நான் எதையும் செஞ்சதில்லம்மா” என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் அண்ணன், “ஏட்டி, நீ யாரு பக்கம்?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான். பிறகு பல வாரம் பேசவில்லை. ஓடை விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று அவன் கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் கேட்டேன். “கல்லு நட்டிருந்தத மட்டுந்தான் பாத்தேன்” என்றான். நம்பினேன். முக்கால்வாசி நம்பினேன்.

ஓவர்சியர் என்னிடம் வந்து நேராகவே பேசினார். இடத்தை அளக்கப் போனபோது பஸ் தவறிவிட்டதாம். அவர்கள் ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்களாம். இறங்கும்போது எதிர்க்கடையில் என் அண்ணனையும், வாசலில் அவனிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த என்னையும் பார்த்திருக்கிறார். “அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நீங்க அவங்க ஆளுன்னு. அதான் கைப்பிரதிய ஆபீசுல வைக்காம கையோட வச்சிருந்தேன்.” நானும் ஜீப்பைப் பற்றி நினைத்ததைச் சொன்னேன். இருவருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மண் போட்டு மூடிய ஓடையைத் திரும்பத் தோண்டிவிட்டு, அதற்கு இடம் விட்டுத் திருத்திய வரைபடத்தோடு மதுரைக்காரர் அடுத்த வருஷம் வந்தார். அதற்கான ஆய்வறிக்கையை இந்த முறை நான் டைப் அடித்து முடித்ததும் ஓவர்சியர் எதிரே உட்கார்ந்து தன் கைப்பிரதியை வாசிக்க, நான் டைப் அடித்ததில் வரி வரியாக விரல் வைத்துச் சரிபார்த்தேன். கடைசிப் பத்திவரை அப்படியே செய்தோம். புதிதாக வந்திருந்த ஹெட்கிளார்க் எங்களையே சந்தேகமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். “ரெண்டு பேரும் அப்படி என்னத்தப் பேசுதீய?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.