சிவத்துக்கு ஒரு கை

"...ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம் கண்டியோ! என்ர தம்பிக்கும் இதே மனவருத்தந்தான். சாப்பிட்டதே அவனுக்கு நினைவிராது. இவனை என்ர பக்கம் இருத்தினால் கடுக்கன் எனக்குத்தான்!" என்றார் கந்தையா அண்ணை.

எண்பதாம் ஆண்டளவில், நெடுங்கேணியில் எங்கள் சீட்டாட்டத்தில் தோற்றவர் காதில் பூவரசம் இலையைக் கடுக்கனாக மாட்டுவோம். அன்று நாலாவது ஆள் வரவில்லை. மனநோய்க்கு மருந்தெடுத்து ஆஸ்பத்திரியால் வந்து, ஒருவரும் சேர்க்காமல் ஒதுங்கி நின்ற சிவத்தை நான்தான் இழுத்து, கந்தையா அண்ணைக்குச் சோடியாக இருத்தினேன்.

எங்களுக்குக் கேட்காத குரலுக்கு அவன் இடையிடையே பதில் சொன்னான். ஆனால் விழுந்த சீட்டு ஒன்றையும் மறக்கவில்லை! என் கையில் மிஞ்சிய துருப்பைச் சரியாகக் கணித்து வெட்டிவிட்டு, "அண்ணை, வெண்டிட்டம்!" என்று துள்ளினான். தோற்ற நானும் கைதட்டினேன். பதம் பார்ப்பது சோற்றுக்குச் சரி. வருத்தம் ஒன்றானாலும் அது ஆளுக்கு ஆள் வேறு.

நான் காதை நீட்டினேன். வென்ற கந்தையா அண்ணையோ இலையைத் தன் காதிலேயே மாட்டிக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைச் சிவத்திடம் கலைக்கக் கொடுத்தார்.