பார்க் ரேடியோக்காரன் பட்ட பாடு

பார்க் ரேடியோ போடுவது சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற வேலை என்று நினைப்பவர்கள், ஊரார் நடுவில் ஒரு சாயங்காலமாவது குமிழைத் திருகிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்த புதிதில் சித்தூரில் ஒரு முனிசிபல் பார்க்கில் எனக்கு அந்த உத்தியோகம். வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கெல்லாம் பார்க் நடுவில் இருந்த என் சின்ன அறையும், வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயும்தான். ஜனங்களோடு மாரடித்த பஸ் கண்டக்டர்களே, தபால் ஆபீஸ் ஜன்னல்காரர்களே, நான் சொல்வது உங்களுக்குத்தான் புரியும்.

இரண்டு பெஞ்சுகள்

மேற்குப் பெஞ்சில் தெலுங்குக்காரர்கள் உட்காருவார்கள். ரிடையர்டு ஹெட் கிளார்க் ஒருவர் அவர்களுக்குத் தலைவர். "விஜயவாடா பெட்டு" என்பார், அந்த ஸ்டேஷனைப் போடு என்று. கிழக்குப் பெஞ்சிலிருந்து "மெட்ராஸ் போடுப்பா" என்று குரல் வரும். ராஜ்யம் பிரிவதற்கு முன்னால் அவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொடி டப்பாவில் பொடி போட்டவர்கள்தான்.

ஒரு நாள் இரண்டு கட்சியும் என் அறை வாசலில் வந்து நின்றுவிட்டது. நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் அடி விழும் போல இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹெட் கிளார்க்கின் மனைவி முன்னால் வந்தார்.

"எந்த ஊரானா பெட்டு பாபு, கொஞ்சம் சத்தமா பெட்டு. வீட்டுக்குப் போனா இவர் பேச்சைத்தான் கேக்கணும்."

எல்லைச் செய்தி

எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில், செய்தி நேரத்துக்கு பார்க்கில் நிற்க இடம் இருக்காது. பிச்சாட்டூர்ப் பக்கத்திலிருந்து கோர்ட் வேலையாக வந்த ஒரு விவசாயி, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுச் செய்தி கேட்டார். மகளை எல்லையோரத்தில் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்திருந்தாராம்.

செய்தி முடிந்தது. பேச்சுவார்த்தை சுமுகமாக நடக்கிறது என்று சொன்னார்கள். மனுஷன் என் ஜன்னலண்டை வந்து நின்றார்.

"எல்லாம் சொன்னான், சரி. பொண்ணு குடுத்த ஊரு அந்தாண்ட போயிடுச்சுன்னா பஸ்ஸு உடுவானா மாட்டானா, அதைச் சொல்லவே இல்லியே தம்பி."

குரல்

முனுரத்தினம் என்று ஒரு பெரியவர். பாலசமுத்திரத்துக்காரர். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, சித்தூர் வெல்ல மண்டியில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ் ஸ்டேஷனில் கிராம நிகழ்ச்சி வருகிற கால் மணி நேரத்துக்கு மட்டும் வருவார். அதில் சின்னான் என்று ஒரு பாத்திரம், குறும்புக்காரப் பண்ணையாள். சின்னான் குழாயில் தன் நைனாவிடம், அதாவது அப்பாவிடம், ஏதாவது கேட்டால் இவர் பெஞ்சிலிருந்து பதில் சொல்லுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

ஒரு நாள் அவராகவே சொன்னார். அவர் மகன் ஏழுமலைக்குக் கூத்துப் பைத்தியம். வேஷம் கட்டி ஆடிக்கொண்டிருந்தவனை, ஊரே பார்க்க, கிரீடத்தோடு இழுத்துவந்து அடித்திருக்கிறார். அன்றைக்குப் போனவன்தான். கடுதாசி இல்லை, தகவல் இல்லை. ஐந்து வருஷம் கழித்து இந்தப் பார்க் பக்கமாக நடந்து போனபோது சின்னான் குரல் காதில் விழுந்ததாம்; மகன் குரலேதான் என்றார். அதன் பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

"பேரை மாத்திக்கினு இருக்கறான். மாத்திக்கட்டும். துன்னுக்கினு, பேசிக்கினு இருக்கறான் இல்ல, அது போதும்."

வால்வு வாங்கப் போனது

ரேடியோவில் ஒரு வால்வு போய்விட்டது. வாங்கிவர என்னை மெட்ராசுக்கு அனுப்பினார்கள். வேலை முடிந்ததும், யாரும் கேட்காத காரியமாக, நானே ரேடியோ ஸ்டேஷன் வாசலுக்குப் போய்ச் சின்னானைப் பார்க்க வேண்டும் என்றேன். காவல்காரர் சிரித்துக்கொண்டே காத்திருக்கச் சொன்னார்.

வெளியே வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். வழுக்கைத் தலை, கையில் டிபன் காரியர். கும்பகோணம் பக்கமாம். சின்னானின் பட்டிக்காட்டுப் பேச்செல்லாம் மைக் முன்னால் மட்டும்தானாம். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சித்தூரில் ஒரு பெரியவர் உங்கள் குரலை ஒரு நாள் விடாமல் கேட்கிறார் என்றேன்.

"நிஜமாவா? எங்க வீட்டுல ஒருத்தர்கூட கேக்கறதில்லை சார்."

கேட்ட கேள்வி

திரும்பி வந்தபோது பெரியவர் பார்க் வாசலிலேயே நின்றிருந்தார். ஸ்டேஷன் பக்கம் போனாயா என்று கேட்டார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் முகம் வாடும் என்று பார்த்தால், நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

"நல்லதாப் போச்சு. நைனாதான் ஆள் உட்டாருன்னு தெரிஞ்சா, பேசறதை நிறுத்திக்குவான்."

உத்தரவு

இனி விஜயவாடா மட்டும்தான் என்று உத்தரவு வந்தது. என்னைக் கேட்டால் அதில் தப்பில்லை. ராஜ்யத்துக்கு ஒரு பாஷை வேண்டும்தானே. ஆனால் பெரியவரிடம் அதை யார் சொல்லுவது? நான் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை. குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

விஷயம் மேற்குப் பெஞ்சுக்கு எட்டியது. விஜயவாடாவுக்காக என்னோடு மல்லுக்கட்டிய அதே ஹெட் கிளார்க் எழுந்து வந்தார். அவர் செருப்பு மாட்டியதும் மற்றவர்களும் மாட்டினார்கள்.

"அந்தக் கால் மணி நேரம் மெட்ராஸே பெட்டு. நாங்க ஒரு ரவுண்டு நடந்துட்டு வரோம். நடந்துட்டு வந்தா எங்களுக்கு எதுவும் தெரியாது."

பத்து நாள் அப்படி ஓடியது. பதினோராம் நாள் யாரோ ஒரு புண்ணியவான் புகார் எழுதிப் போட, ஆபீஸிலிருந்து வந்து குமிழுக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். முனுரத்தினம் அந்த வாரமே மெட்ராசுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே உறவுக்காரர் மண்டியில் அதே சாக்கு தைக்கிற வேலை.

மெட்ராஸ் பார்க்

ஒரு வருஷம் கழித்து ரேடியோவையே ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு மெட்ராசுக்குப் போனேன். மண்டியில் விசாரித்ததில், பெரியவர் சாயங்காலம் பக்கத்துப் பார்க்கில் இருப்பார் என்றார்கள். பெரிய பார்க். வேர்க்கடலை, குழந்தைகள், காற்று வாங்க வந்த குடும்பங்கள். எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, குழாய்க்கு அடியில் இருந்த பெஞ்சில் அவர் தனியாக இருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார். சின்னான் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்டேன்.

ஒரு வருஷமாக மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தேன். "அண்ணே, அன்னிக்கு நான் ஸ்டேஷன்ல..." என்று ஆரம்பித்தேன். அவர் என் முழங்காலில் கை வைத்து நிறுத்தினார்.

"தெரியும் தம்பி. வந்த மறுநாளே போய்ப் பார்த்துட்டேன். வழுக்கைத் தலை. ஆனா அந்தக் கதையில தினம் ஒரு வாட்டி நைனான்னு கூப்புடறான். என்னை வேற யாரு கூப்புடறாங்க? பதில் சொல்லிக்கினு உக்காந்துக்கினு இருக்கறேன், உட்டுடு."

பொதுமக்கள் இளைப்பாறுவதற்காக என்று எந்தப் பார்க்கைப் பார்த்தாலும் போர்டு மாட்டியிருக்கிறார்கள். எதிலிருந்து இளைப்பாற வந்தீர்கள் என்று மட்டும், அனுபவப்பட்டவன் சொல்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுவிடாதீர்கள்.