டாங்கி மூடியில் வைத்த பொட்டு

என் தங்கச்சிமேல் எனக்கிருந்த பொறாமைக்கு ஓர் எஞ்சின்தான் காரணம் என்றால் சிரிப்பீர்கள். கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஓடையிலிருந்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குத் தண்ணீர் ஏற்றும் பழைய பெட்ரோல் எஞ்சின் அது. அதைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. அந்த வேலை இருந்ததால்தான் அவர் மழையில் மலைக்கு மண்வெட்டப் போகாமல் தகரக் கொட்டகைக்குள் நின்றார். கூட அழைத்துப் போவது தங்கச்சியை மட்டும். "அவ காது கூர்மைங்க. எஞ்சின் இருமுனா மொதல்ல அவளுக்குத்தான் கேக்கும்" என்று லயத்து வரிசை வீடெல்லாம் பெருமை பேசுவார். இரண்டு வயது மூத்தவள் நான். எனக்கும் இரண்டு காது இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு எஞ்சினுக்குப் பொட்டு வைக்கவும் அவளையே கூப்பிட்டார். சக்கரத்தில் அழகாக ஒன்று வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. எல்லோரும் சுண்டலுக்குக் கை நீட்டிய நேரத்தில் மீதிச் சந்தனத்தை வழித்து, உச்சியில் இருந்த பெட்ரோல் டாங்கி மூடியில் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். அவள் பொட்டைவிட மூன்று மடங்கு பெரிது.

மறுநாள் காலை எஞ்சின் பத்து நிமிஷம் ஓடி நின்றது. அப்பா மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார், பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றைச் சுற்றி இழுத்தார், ஓடியது. பத்து நிமிஷத்தில் மறுபடி நின்றது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். தண்ணீர் கலந்திருக்குமோ என்று பெட்ரோலை இறக்கித் துணியில் வடித்து ஊற்றினார். அதே பத்து நிமிஷம்தான். தங்கச்சியின் காதும் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்ற எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

அந்தப் பக்கம் வந்த அடுத்த லயத்து அத்தை, "எங்க வீட்டு மனுசன் மாதிரியே இருக்கேண்ணே. குடிக்கிறது குடிச்சிட்டு, வேலைன்னா படுத்துக்குது" என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சற்று முன்புதான் தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து போயிருந்தார். "மத்தியானத்துக்குள்ள தண்ணி ஏறலன்னா நாளைக்குக் காலையில மம்பட்டியோட பேரு கூப்புடுற பெரட்டுல நில்லு. இதுக்கு வேற ஆள் பாத்துக்கிறேன்."

ஆறாவது முறை மூடியைத் திறந்தபோது தங்கச்சி நிமிர்ந்தாள். "அப்பா, தொறக்கிறப்பல்லாம் உஸ்ஸுன்னு மூச்சு வாங்குதுப்பா."

அப்பா மூடியை வெளிச்சத்தில் பிடித்தார். அதில் ஓர் ஊசித்துளை உண்டு. அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். என் சந்தனம் காய்ந்து அதை அடைத்துக் கிடந்தது. பூசைப் பொட்டை எங்களில் யாரும் துடைக்க மாட்டார்கள். தானாகத்தான் உதிர வேண்டும். காலையிலிருந்து அப்பா அதில் விரல் படாமல் பக்குவமாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு ஊசியால் குத்தினார். எஞ்சின் நிற்காமல் ஓடியது. தொட்டி நிரம்பிவிட்டதென்று மேலேயிருந்து பங்களாத் தோட்டக்காரர் கை காட்டிய பிறகுதான் அப்பா திரும்பினார். "யாரு இதுல வச்சது?"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தங்கச்சி என்னை ஒரு தரம் பார்த்தாள். "நாந்தாம்ப்பா" என்றாள்.

அவர் அடிக்கவில்லை. "வச்சவளே கண்டுபிடிச்சிட்டா" என்று அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தார். பின்னால் நடந்த எனக்குத் தப்பித்தோம் என்ற நிம்மதி கொஞ்சமும் வரவில்லை. செய்தவள் நான், அந்தப் பேரையும் அவளே தட்டிக்கொண்டு போய்விட்டாளே என்றுதான் ஆத்திரம். மூன்று நாள் பேசவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை; படுக்கும்போது கம்பளியை மட்டும் என் பக்கம் இழுத்து விட்டாள். அதுவும் அப்பாவிடம் நல்ல பேர் வாங்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.