என் வாய்க்காக ஒரு ஜெபம்

அக்காவுக்குத் தெருவில் மைக்செட் என்று பெயர். அவளுக்கும் அது தெரியும். "மைக்செட்டுன்னா வாடகை குடுங்கடா" என்பாள்.

செருப்புத் தைக்கிற கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அவளுடைய ஆல்டரேஷன் கடை. தையல் இயந்திரம், கண்ணாடி, ஒரு முக்காலி, திரை போட்ட மூலை. அவ்வளவுதான் இடம். கால்சட்டையின் விளிம்பை மடித்துக் குத்தும்போது குண்டூசிகளை உதட்டில் கடித்துக்கொள்வாள். அந்த நேரம் மட்டும்தான் கடை அமைதியாக இருக்கும். ஊசி தீர்ந்ததும், யாருக்கு இடுப்பு ஏறியது, எந்த வீட்டில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனார் எல்லாம் வரும். கெட்ட எண்ணம் கிடையாது. வாய் நமநமக்கும், அவ்வளவுதான்.

எங்களுக்குத் திருமணமான புதிதில் என் மனைவிக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்தது. அம்மா வீட்டுக்குக்கூட அவள் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் சொல்லி அழுதாள். அக்காவும் கூடவே அழுதாள்.

சர்ச்சில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். ஒவ்வொருவரும் எழுந்து, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு சொல்வார்கள். அக்கா எழுந்தாள். "என் தம்பி மனைவிக்கு ரெண்டாவது தடவையும் தங்கல. வெளியில யாருக்கும் தெரியாது. ஆண்டவருக்கும் நமக்கும் மட்டும்தான்" என்றாள். அந்த 'நமக்கு' என்பதில் ஏறக்குறைய சபையின் பாதி உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒருத்தி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி டாக்டர் பெயர் சொன்னாள். மூன்றாவது ஆள் வருவதற்குள் என் மனைவி கைப்பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தாள். பையை எடுத்துக்கொண்டு அக்கா பின்னாலேயே வீட்டுக்கு வந்தாள்.

"ஜெபத்துக்குத்தானேம்மா சொன்னேன்? புறணியா பேசினேன்?"

என் மனைவி பையை வாங்கிக்கொண்டாள். "அண்ணி, நான் உங்ககிட்டதான் சொன்னேன். கடவுள்கிட்ட நானே சொல்லிக்குவேன்" என்றாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் அக்கா சண்டை போட்டிருப்பாள்.

சில நாள் கழித்துக் கடைக்குப் போனேன். அக்கா இயந்திரத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து அவளுக்காக முட்டி போட்டேன்டா. 'ஆண்டவரே, எங்க வீட்டுல ஒரு கஷ்டம்'னு ஆரம்பிச்சா, கூட்டத்துல எந்திரிச்சுப் பேசுற மாதிரியே வருது. அவரு ஒருத்தருதான் கேக்குறாருன்னு நினைச்சதும் பேச்சு வரல. அப்பதான் உறைச்சுது. அந்த விஷயத்தை அவர்கிட்ட நான் தனியா ஒரு தடவை கூடச் சொல்லலடா. ஊருக்குச் சொன்னதோட சரி."

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் எழுந்து, "என் வாய்க்காக ஜெபம் பண்ணுங்க" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வாரமும். "இன்னும் வாய்தானாக்கா?" என்று கேட்டால், "இன்னும் அதேதான். என்னை விட அதுக்கு வயசு அதிகம்" என்பாள்.

என் மனைவியிடம் போய் ஒரே ஒரு முறை மன்னிப்புக் கேட்டாள். மறுபடி மறுபடி கேட்டால் அதுவும் தொந்தரவுதான் என்றாள். ஆனால், அவள் மறுபடி நம்பி ஒரு வார்த்தை சொல்கிற ஆளாக மாறியே தீருவேன் என்று என்னிடம் சொன்னாள்.

"எப்பவும் ஊசியை வாயிலயே வச்சுக்கோ" என்று நான் கேலி செய்தேன்.

"ஊசி வாயைத்தான் மூடும். உள்ள துடிக்குதே, அதை என்ன பண்ணும்? அதுக்கு அவருதான் வேணும்."

எளிதாக இருக்கவில்லை. பாதி வாக்கியத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஆங், மழை வரும்போல" என்று வெயிலைப் பார்த்துச் சொல்வாள். அதையும் மீறி ஏதாவது வெளியே வந்துவிட்டால், தனக்குத்தானே ஒரு தண்டனை வைத்திருந்தாள். யாரைப் பற்றிப் பேசினாளோ அவரிடமே போய்ச் சொல்லிவிடுவது.

அப்படித்தான் கணக்கு வாத்தியார் விவகாரம் வந்தது. அவர் கால்சட்டை இடுப்பில் வெளியே தெரியாமல் எலாஸ்டிக் வைக்கச் சொல்லியிருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் அக்கா அதைச் சொல்லிவிட்டாள். அன்று மாலையே வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றாள். "சார், உங்க எலாஸ்டிக் விஷயத்தை ஜெராக்ஸ்காரர்கிட்ட சொல்லிட்டேன். தப்புதான்." வாத்தியார் கடைக்கே வந்து, பாதி தைத்த கால்சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனார். இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்றார். வரவும் இல்லை.

என் மனைவி அவருடைய பள்ளியில்தான் அலுவலக வேலையில் இருந்தாள். அவர் அவளிடம் வந்து, "உங்க நாத்தனாருக்கு என்னம்மா ஆச்சு? எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அவங்களே வந்து சொல்றாங்க!" என்று புலம்பியிருக்கிறார். அடுத்த முறை அக்கா வாசலோடு திரும்பப் பார்த்தபோது, "உள்ள வாங்க அண்ணி, டீ போட்டிருக்கேன்" என்றாள். அக்கா டீயைக் குடித்தாள். எதைப் பற்றியும் கேட்கவில்லை. சர்க்கரை போதுமா என்றதற்கு மட்டும் போதும் என்றாள்.

இதெல்லாம் நடந்து ஆண்டுகள் ஓடின. என் அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு நாள் பேருந்திலிருந்து பார்க்கிறேன், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அக்காவும் என் மனைவியும் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள். மாலையில் நேரே கடைக்குப் போனேன். அக்கா யாருடைய பாவாடைக்கோ ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில என்னக்கா?"

வாயில் ஊசி இருந்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டு தலையாட்டியிருக்கலாம். அவள் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள்.

"என்கிட்ட கேக்காதடா. பொய் சொல்ல மாட்டேன். விஷயத்தையும் சொல்ல மாட்டேன். அவகிட்ட கேளு."

"நான் உன் தம்பிக்கா!"

"அதனாலதான்டா தொண்டையை அடைக்குது. போ."

வீட்டில் கேட்டேன். "அண்ணிக்குத் துணைக்குப் போனேன்" என்றாள் என் மனைவி. நானும் விட்டுவிட்டேன்.

அக்காவை அடக்கம் செய்து இரண்டு வாரம் ஆகிறது. கடையைக் காலி செய்யப் போனோம். ஊசி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்த என் மனைவி திடீரென்று சொன்னாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு அவங்கதான் எனக்குத் துணைக்கு வந்தாங்க. மார்புல ஒரு கட்டி இருந்துச்சு. ஒண்ணும் இல்லன்னு ரிசல்ட் வர்ற வரைக்கும் தினம் என்கூட உக்காந்து ஜெபம் பண்ணினாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்லை."

"நீங்க வேலை போயிடுமோன்னு தூங்காம கிடந்தீங்க. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. அண்ணிகிட்ட சொன்னா வெளியில போகாதுன்னு தெரியும்."

மைக்செட்டைப் பற்றித்தான் சொல்கிறாள். நான் திரையைக் கழற்றி மடித்தேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. கைப்பையை விட்டுவிட்டு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக என் மனைவி ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். அக்கா உட்காரும் நாற்காலி காலியாகத்தான் இருந்ததாம், அதில் உட்கார்ந்தாளாம்.

"என்ன குறிப்பு சொன்னே?" என்று கேட்டேன்.

"அதை எதுக்கு உங்ககிட்ட சொல்லணும்?" என்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "போய்ச் சாப்பிடுங்க."